ஓய்வு கொடுத்த கதை

நமது மில்களில் ஒரு வழக்கம் உண்டு. போனஸ் எங்கே என்று கேட்டவன், பஞ்சப்படிக் கணக்கைக் காட்டு என்று நிமிர்ந்து நின்றவன், மறுநாள் காலையில் கேட்டுக்கு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். "உன்னை நீக்கவில்லையப்பா, கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள், சொல்லி அனுப்புகிறோம்" என்பார் மேஸ்திரி. அப்படி ஓய்வெடுக்கப் போய்த் திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டிபட்டித் தோழர்களைக் கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். வயலிலும் இதே கதைதான். கூலியைக் கூட்டிக் கேட்ட நடவுப் பெண்களிடம் மறுநாள், "ஆள் போதும் தாயி, இன்னைக்கு வீட்ல இருங்க" என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இந்த 'ஓய்வு' என்ற வார்த்தையை இந்திய நாட்டு ஹாக்கி அணியின் தலைவருக்கே ஒரு முறை சொன்னார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறோம்.

1998-ம் ஆண்டு டிசம்பரில் பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ஹாக்கி இறுதியாட்டத்தில் இந்தியாவும் தென்கொரியாவும் மோதின. ஆட்டம் 1-1 என்று சமமாக நின்றது. பிறகு பெனால்டி அடிகளில் இந்தியா 4-2 என்று வென்றது. கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் சுவர்போல் நின்று தடுத்தார். 1966-ம் ஆண்டுக்குப் பிறகு, 32 வருஷம் கழித்து வந்த தங்கப் பதக்கம் அது. அணித் தலைவர் தனராஜ் பிள்ளை.

அடுத்ததாக 1999-ம் ஆண்டில் பாகிஸ்தானோடு ஆட்டத் தொடர். அதற்கான அணியை அறிவித்தார்கள். தங்கம் கொண்டுவந்த தலைவரின் பெயர் அதில் இல்லை. அவரோடு மூத்த வீரர்கள் இன்னும் ஆறு பேரின் பெயரும் இல்லை. ஏன்? "அவர்களுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறோம்" என்றது ஹாக்கி சம்மேளனம்.

என்ன குற்றம் செய்தார்கள்? வெளிநாடு போனால் கொடுக்கிற பேட்டா போதவில்லை, ஆடுகிற ஆட்டத்துக்கு மாட்ச் கூலி கொடுங்கள் என்று வாய் திறந்து கேட்டார்கள். அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று ஹாக்கி தெரிந்த அத்தனை பேரும் அன்றைக்கு நம்பினார்கள். சம்மேளனம் கடைசிவரை 'ஓய்வு' என்றே சாதித்தது. மேஸ்திரியின் பாஷைக்கும் இந்தப் பெரிய மனிதர்களின் பாஷைக்கும் என்ன வித்தியாசம் என்று வாசகர்களே சொல்லட்டும்.

2025-ம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் நமக்குப் பக்கத்தில் மதுரையிலும் நடந்தது. அதைப் பற்றித் தேனியில் ஒரு டீக்கடையில் பேச்சு வந்தபோது நூற்பாலைத் தோழர் ஒருவர் கேட்டார்: "ஏன் தோழர், நம்ம பயலுக ஹாக்கி மட்டைய எங்கிட்டுக் கண்டானுக? கபடி, வாலிபால்னா சரி. இதுல நம்ம பேப்பர்ல எழுத என்னா இருக்கு?" நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகவே தனராஜின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறோம்.

மைதானக்காரரின் மகன்

பூனா நகரத்தை ஒட்டிய ராணுவப் பகுதி கட்கி. வெள்ளைக்காரன் காலத்தில், 1869-ம் ஆண்டிலேயே அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்துவிட்டது. பட்டாளத்தின் பின்னாலும் தொழிற்சாலையின் பின்னாலும் பிழைப்புத் தேடித் தமிழ்க் குடும்பங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. நம் ஜனங்கள் போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்களே, அதைப் போலத்தான். தூரம் மட்டும் கூடுதல்.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில், நாகலிங்கம் - ஆண்டாளம்மாள் தம்பதிக்கு நாலாவது மகனாக 1968-ம் ஆண்டு ஜூலை 16-ம் தேதி பிறந்தவர் தனராஜ். தனத்துக்கு ராஜா என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் தனம் இல்லாதவர்கள்தான் பிள்ளைகளுக்கு இப்படிப் பெயர் வைப்பார்கள். தகப்பனாருக்கு ஆயுதத் தொழிற்சாலையில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. மற்றவர்கள் ஆடுவதற்காக நிலத்தைச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, கோடு போட்டுக் கொடுக்கும் வேலை அது. வறுமை வாட்டியும் ஐந்து ஆண் பிள்ளைகளையும் "போய் ஆடுங்கடா" என்று மைதானத்துக்கு அனுப்பியவர் தாயார். 2007-ம் ஆண்டில் தனராஜின் வாழ்க்கை வரலாறு புத்தகமாக வந்தபோது அதன் தலைப்பே அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதாக இருந்தது.

மட்டை வாங்கக் காசு ஏது? பெரியவர்கள் ஆடி உடைத்துப் போட்ட மட்டைகளைக் கட்டி ஒட்டிக்கொண்டு, தூக்கியெறிந்த பந்துகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, பசபசவென்ற மண்ணில் அண்ணன்தம்பிகளும் காலனிப் பையன்களும் ஆடினார்கள். அந்நாளில் மைதானத்தைக் கலக்கிக்கொண்டிருந்த முகமது ஷாகித்தைப் பார்த்து, அவரைப் போலவே பந்தை நெளித்து ஓட்டப் பழகினார் தனராஜ்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகக் கவனிக்க வேண்டும். 'ஏழை வீட்டுப் பிள்ளை, தன் உழைப்பால் உயர்ந்தான்' என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் இந்த மாதிரிக் கதைகளை எழுதி முடித்துவிடும். உழைத்தார்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். கட்கியில் மட்டும் என்ன இருந்தது? மைதானம் இருந்தது. அது ஏன் இருந்தது? சர்க்கார் தொழிற்சாலை இருந்தது. அதில் நிரந்தரத் தொழிலாளிகள் இருந்தார்கள். நிரந்தரத் தொழிலாளிக்குக் குடியிருப்பு இருந்தது. குடியிருப்புக்கு ஒரு மைதானமும், அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு ஆளும் இருந்தார்கள். அந்த ஆளின் மகன்தான் தனராஜ்.

ஏணியின் அடுத்த படிகளைப் பாருங்கள். அண்ணன் ரமேஷ் நல்ல ஆட்டக்காரர், இந்தியாவுக்காகவும் ஆடியவர். அவருக்கு பம்பாயில் ராஷ்டிரிய கெமிக்கல்ஸ் அண்டு பெர்டிலைசர்ஸ் என்ற பொதுத்துறை உரக் கம்பெனி அணியில் இடம். 1980-களின் நடுவில் தம்பி அண்ணனிடம் போய்ச் சேர்ந்தார். பிறகு மகிந்திரா கம்பெனி அணி. அங்கே ஜோக்கிம் கார்வாலோ அவரைத் தேற்றினார். பின்னர் பொதுத்துறையான இந்தியன் ஏர்லைன்சில் உத்தியோகம். சாப்பாட்டுக் கவலை இல்லாமல் காலையும் மாலையும் மட்டை பிடிக்க ஒரு நிரந்தர வேலை வேண்டியிருந்தது.

மஸ்டர் ரோல் இல்லாத உழைப்பு

1989-ம் ஆண்டு டிசம்பரில் இந்திய அணிக்குள் நுழைந்தார். 2004-ம் ஆண்டு ஆகஸ்டு வரை ஆடினார். முன்வரிசை ஆட்டக்காரர். பின்னாலிருந்து வரும் பந்தை ஓட்டத்திலேயே வாங்கி, நீண்ட தலைமுடி காற்றில் பறக்க, எதிராளிகள் இரண்டு மூன்று பேரைக் கடந்து போவார். அவர் கையில் பந்து போனால் மைதானம் எழுந்து நிற்கும். 339 சர்வதேச ஆட்டங்கள். ஒலிம்பிக் நான்கு: 1992, 1996, 2000, 2004. உலகக் கோப்பை நான்கு: 1990, 1994, 1998, 2002. ஆசிய விளையாட்டு நான்கு, சாம்பியன்ஸ் கோப்பை நான்கு. இந்த நான்கு நாலும் வேறு எவருக்கும் அமையவில்லை. 2002-ம் ஆண்டு கொலோன் நகரில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது, 34 வயதில் வந்தது. 2003-ம் ஆண்டு கோலாலம்பூரில் ஆசியக் கோப்பையை வென்ற அணிக்கும் அவரே தலைவர்.

சரி, மொத்தம் எத்தனை கோல் போட்டார்?

தோழர்களே, இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். பிறகு கோபம் வரும். அதற்கு அதிகாரபூர்வமான கணக்கே கிடையாது. சம்மேளனம் எழுதி வைக்கவில்லை! 170க்கு மேல் என்று தனராஜும் புள்ளிவிவரம் சேகரிக்கும் ஆர்வலர்களும் சொல்கிறார்கள். பதினைந்து வருஷம் நாட்டுக்காக ஓடியவனின் உழைப்பைக் குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை. நமது காண்டிராக்ட் தொழிலாளிக்கு இது புதிய செய்தியா? பத்து வருஷம் வேலை செய்தவன் பி.எஃப். கேட்டுப் போனால், 'உன் பெயர் மஸ்டர் ரோலில் எங்கே?' என்று கேட்கிறார்களே! ஏலத்தோட்டத்தில் இருபது வருஷம் களை எடுத்த கிழவிக்கு ஒரு துண்டுச் சீட்டு உண்டா? கணக்கு எழுதாமல் இருப்பது மறதியால் அல்ல. எழுதினால் கொடுக்க வேண்டிவரும்.

இந்தச் சம்மேளனத்தை ஆண்டவர்கள் யார்? 1994-ம் ஆண்டு முதல் 2008-ம் ஆண்டு வரை தலைவர் பஞ்சாப் போலீஸ் அதிபராக இருந்த கே.பி.எஸ். கில். ஹாக்கி மைதானத்தையும் அவர் போலீஸ் லயன் மாதிரிதான் நடத்தினார் என்பது நமது அபிப்பிராயம். முடிவு என்ன? 2008-ம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்குக்கு இந்திய ஹாக்கி தகுதி பெறவே இல்லை. 1928-ம் ஆண்டில் முதல் தங்கம் வாங்கியதிலிருந்து எட்டுத் தங்கம் கண்ட அணிக்கு இது முதல் தடவை. அதே வருஷம் ஏப்ரலில், ஒரு வீரரை அணியில் சேர்ப்பதற்காகச் சம்மேளனத்தின் பொதுச் செயலாளர் பணம் வாங்குவதாக டெலிவிஷனில் காட்டினார்கள். அவர் ராஜினாமாச் செய்தார். சம்மேளனமே சஸ்பெண்டு செய்யப்பட்டது. 'தமிழன் தனராஜை வடக்கத்தியான் ஒதுக்கினான்' என்று பேசித் திரிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் செயலாளரும் தமிழ்நாட்டுக்காரர்தான்.

செயற்கைப் புல் விவகாரத்தையும் இங்கே தொட்டுப் போக வேண்டும். 1976-ம் ஆண்டு மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடினார்கள். இந்தியா ஏழாவது இடத்துக்குப் போயிற்று. கோடிக்கணக்கில் பணம் கொட்டிப் போடவேண்டிய அந்தத் தரை பணக்கார நாடுகளில் தெருவுக்குத் தெரு வந்தது. மண்ணில் பழகிய பிள்ளைகள் பின்தங்கினார்கள். தனராஜின் காலம் முழுவதும் இந்தப் பள்ளத்திலிருந்து ஏறிய காலம்தான். 2000-ம் ஆண்டு சிட்னியில் போலந்தை ஜெயித்தால் அரை இறுதி. கடைசி நிமிஷங்களில் அவர்கள் சமன் செய்தார்கள், எல்லாம் போயிற்று. தனராஜ் மைதானத்தில் அழுதார்.

கூலி போதாதவன் என்ன செய்வான்? ஊர் ஊராகப் போவான். லண்டன், லியோன், ஸ்டட்கார்ட், மலேசியா, டாக்கா என்று அந்த நாட்டுக் கிளப்புகளுக்கு ஆடிச் சம்பாதித்தார். திருப்பூருக்கும் கேரளத்துக்கும் மூட்டை கட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1999-ம் ஆண்டின் 'ஓய்வு'க்குப் பிறகு எதிர்ப்புக் கிளம்பியது, திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கேல் ரத்னா கொடுத்தார்கள், பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருதைக் கொடுப்பதில் ஆளும் வர்க்கத்துக்குக் கஷ்டம் இல்லை. கணக்குப் பார்த்துக் கூலி கொடுப்பதுதான் கஷ்டம். 2004-ம் ஆண்டு ஏதென்சில், தமது நாலாவது ஒலிம்பிக்கில், கடைசி ஆட்டத்தில் அவரைச் சில நிமிஷங்களே இறக்கினார்கள். அதோடு முடிந்தது.

ஒற்றை ஆளும் கூட்டமும்

தனராஜைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவது நமது நோக்கமல்ல. முன்கோபக்காரர். கோச்சோடும் அதிகாரிகளோடும் பத்திரிகைக்காரர்களின் முன்னாலேயே சண்டை போட்டவர். அந்தக் கோபத்தை நாம் குறையாக எண்ணவில்லை. வயிறு எரிகிறவன் வாய் இனிக்கப் பேசமாட்டான். குறை வேறு இடத்தில் இருந்தது. வீரர்களுக்கென்று ஒரு சங்கம் இல்லை. கேட்டது நியாயம், ஆனால் தனராஜ் என்ற பெயரின் பலத்தில் கேட்டார்கள். பெயருக்குப் பலம் இருக்கும்வரை சம்மேளனம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. வசம் கிடைத்ததும் ஏழு பேரைக் கழித்துக் கட்டியது. மீதிப் பேர் போய் ஆடினார்கள். அவர்களைக் கருங்காலி என்று நாம் சொல்ல மாட்டோம். இந்திய உடுப்பை ஒருமுறை போட்டால் ஒரு உத்தியோகம் கிடைக்கும் என்று ஏங்கிய ஏழைப் பையன்கள் அவர்கள். சேர்த்து நிறுத்த ஸ்தாபனம் இல்லாத இடத்தில் அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

அமெரிக்காவில் 'கால்பந்து' என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. பெயர்தான் கால்பந்து, கையால் எறிந்து கையால் பிடித்துக்கொண்டு ஓடுவது! எறிந்த பந்தை ஓடிப் பிடிக்கிறவன்தான் அங்கே நட்சத்திரம். அந்த வீரர்கள் 1956-ம் ஆண்டிலேயே சங்கம் கண்டுவிட்டார்கள். 1982-ம் ஆண்டில் 57 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1987-ம் ஆண்டில் மறுபடி இறங்கியபோது முதலாளிகள் வெளி ஆட்களைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தினார்கள். நட்சத்திரங்கள் சிலரும் மறியல் கோட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். அவர்களில் ஒருவர் சியாட்டில் அணியில் பந்து பிடிப்பதில் பெயர்பெற்ற ஸ்டீவ் லார்ஜென்ட். பின்னாளில் அவர் ரிபப்ளிகன் கட்சியின் சார்பில் அமெரிக்கப் பார்லிமெண்டுக்கும் போனார். வேலைநிறுத்தம் 24 நாளில் முறிந்தது. சங்கம் இருந்தும் பெரிய பெயர்கள் விலகினால் என்ன ஆகும் என்பதை அங்கே பார்த்தோம். பெரிய பெயரே முன்னால் நின்றும் சங்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கே பார்த்தோம்.

இரண்டும் சேர்ந்தால்? அதற்கும் சாட்சி உண்டு. அதுவும் தனராஜ் பிறந்த பூனாவிலேயே. 2010-ம் ஆண்டு ஜனவரி. டில்லியில் உலகக் கோப்பை தொடங்க இரண்டு மாதம்கூட இல்லை. பூனா பலேவாடியில் பயிற்சி முகாம். இந்திய வீரர்கள் மட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். பாக்கிப் பணத்தைக் கொடுத்தால்தான் பயிற்சி என்றார்கள். ஆளுக்கு 25,000 ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது புதிய நிர்வாகமான ஹாக்கி இந்தியா. வேண்டாம் என்றார்கள். கெடு வைத்துப் பார்த்தது, மிரட்டிப் பார்த்தது. தலைவர் ராஜ்பால் சிங்கிலிருந்து கடைசிப் பையன் வரை ஒருவரும் உடையவில்லை. எத்தனை பேருக்கு ஓய்வு கொடுக்க முடியும்? ஒரு வாரத்துக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் ஏழு பேர் கேட்டுக் கிடைக்காதது அன்றைக்கு அத்தனை பேரும் சேர்ந்து நின்றதால் கிடைத்தது.

ஏணியை யார் எடுத்தார்கள்?

கட்கி மைதானத்துக்குத் திரும்புவோம். ஆயுதத் தொழிற்சாலைகள் 41-ஐயும் 2021-ம் ஆண்டு அக்டோபரில் ஏழு கம்பெனிகளாகக் கூறு போட்டது மத்திய சர்க்கார். 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளிகளின் சங்கங்கள் எதிர்த்தன. அவர்கள் வேலைநிறுத்தம் செய்துவிடக்கூடாது என்று அந்த ஜூன் மாதத்திலேயே அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர் இந்தியாவோடு சேர்ந்தது. ஏர் இந்தியா 2022-ம் ஆண்டு ஜனவரியில் டாட்டாவின் கைக்குப் போயிற்று. தகப்பனுக்குச் சோறு போட்ட ஆலை ஒரு பக்கம், மகனுக்கு உத்தியோகம் கொடுத்த ஸ்தாபனம் இன்னொரு பக்கம். இனி மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்க யார் நிரந்தரமாக ஆள் வைப்பார்கள்? காண்டிராக்டரா?

பெரியகுளத்தில் ஆண்டுதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. நம்மில் பலர் கோடை ராத்திரிகளில் நின்று பார்த்திருக்கிறோம். அங்கே வருகிற ஆட்டக்காரர்களின் பனியனில் என்ன எழுதியிருக்கிறது என்று கவனித்ததுண்டா? ரயில்வே, ராணுவம், கடற்படை, பொதுத்துறை வங்கி. எல்லாம் ஜனங்களின் பணத்தில் நிற்கிற ஸ்தாபனங்கள். நமது ஜில்லாவில் எத்தனை நூற்பாலைகள் ஓடுகின்றன. ஒரு மில் பெயர் போட்ட பனியனை அங்கே தேடிப் பாருங்கள். ஹாஸ்டலில் அடைத்து வைத்து வேலை வாங்கும் பெண் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓடியாட ஒரு முற்றமாவது விட்டிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். விடியுமுன் ஜீப்பில் அடைந்து மெட்டு ஏறி, இருட்டிய பின் இறங்குகிற பையனுக்கு எந்த வெளிச்சத்தில் ஆடுவது? ஊருக்கு ஒரு மந்தை இருந்தது. பாதியை வேலி போட்டுவிட்டார்கள், பாதியில் குப்பை.

டீக்கடைத் தோழரிடம் இதையெல்லாம் சொன்னோம். டீ ஆறிப் போயிற்று. சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவர் மகன் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் பையன்களோடு வாலிபால் ஆடுகிறானாம்; நல்ல உயரமாம். "எட்டு பயலுக கூடி ஒரு நெட்டு வாங்கி வச்சிருக்கானுக தோழர். கண்மாய்ல தண்ணி வந்துட்டா கம்பு ஊன எடமில்ல. பஞ்சாயத்துல ஒரு மனு குடுத்தா எடம் தருவாகளா?"

"யார் கையெழுத்து?" என்று கேட்டோம்.

"எம் பேருல போடுவோம்."

"உங்க பேர் மட்டும் வேண்டாம். எட்டுப் பையன்களும், அவங்க அப்பன் ஆத்தாமாரும் போடட்டும். மில்லுல உங்க ஷிப்டு ஆளுகளும் போடட்டும்."

இரண்டாவது ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. "ஞாயித்துக்கிழமை எழுதுவோம், ஒரு முழுத்தாளு வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.